தேங்காய்க்கு சி.டி. ஸ்கேன் எடுத்த கதை

எம்.இ. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு 'குறைந்த செலவில் சர்ஜிக்கல் நேவிகேஷன்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வந்த அன்று, அதில் எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. மூளை ஆபரேஷனின்போது டாக்டர் கையிலிருக்கும் கருவியின் நுனி மண்டைக்குள் எங்கே நிற்கிறது என்பதை, முன்பே எடுத்த ஸ்கேன் படத்தின் மேலேயே திரையில் காட்டும் ஏற்பாடு அது. மருத்துவமனைகளில் இதற்கென இருக்கும் அகச்சிவப்புக் கேமராவை வாங்குவதை நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. என்னிடம் இருந்தது ஒரு வெப்கேம், அதன் படத்தை அலச ஓப்பன்சிவி நிரல் தொகுப்பு, ஸ்கேன் படங்களைப் பார்க்கக் காசில்லாமல் கிடைக்கும் 3டி ஸ்லைசர் மென்பொருள், அப்புறம் அம்மாவின் பழைய பின்னல் ஊசி.

மண்டைக்குப் பதில் தேங்காய். மேல்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து, பருப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கடல்பாசி காய்ச்சி ஊற்றினேன். முதலில் கொஞ்சம் ஊற்றி, அது இறுகியதும் நடுவிலிருந்து சற்று விலக்கி 4 மி.மீ. பாசிமணி ஒன்றை வைத்து, மேலே மீதியை ஊற்றினேன். அந்த மணிதான் 'கட்டி'. ஓட்டின் வெளிப்பக்கத்தில் ஆறு மணிகளைத் துளை வெளியே தெரியும்படி ஒட்டினேன். ஊசி நுனி அந்தத் துளையில் நழுவாமல் உட்காரும்.

தெரிந்த ஸ்கேன் சென்டர் ஒன்றில், கூட்டம் ஓய்ந்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்கு உள்ளே விட்டார்கள். "என்ன தம்பி, திருஷ்டி கழிச்ச தேங்காயா?" என்றார் டெக்னீஷியன் அண்ணன். நோயாளி பெயர் இல்லாமல் மெஷின் ஸ்கேனைத் தொடங்காது என்பதால் 'கோகனட்' என்று அடித்தார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், படம் 5 மி.மீ. தடிமனான துண்டுகளாக இருந்தது. 4 மி.மீ. மணி அதில் வெறும் மங்கல் புள்ளி. மறுநாள் காலை ஓடினேன். மூல டேட்டா மெஷினில் சில நாள்தான் இருக்குமாம், நல்லவேளை அழிந்திருக்கவில்லை. அதிலிருந்தே 0.625 மி.மீ. துண்டுகளாகப் புதிதாகப் படம் பண்ணிக் கொடுத்தார்.

ஊசியின் பிடியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்த அரூக்கோ அட்டை ஒன்று, தேங்காய் உட்கார்ந்திருக்கும் பலகையில் இன்னொன்று. கேமரா பார்ப்பது அட்டையைத்தான், ஊசி நுனியை அல்ல. அட்டையிலிருந்து நுனி எவ்வளவு தூரம் என்று தெரிய, ஒரு மரக்கட்டையில் சின்னக் குழி போட்டு, நுனியை அதில் ஊன்றி ஊசியை எல்லாப் பக்கமும் சுழற்ற வேண்டும். நுனி நகராது, அட்டை மட்டும் ஒரு கோளத்தின் மேல் நகரும். அந்தக் கோளத்தின் மையம்தான் நுனி. இது ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

அடுத்து ரெஜிஸ்ட்ரேஷன். ஸ்கேன் படத்தில் ஆறு மணிகளைக் குறித்து, நிஜத் தேங்காயில் அதே ஆறையும் ஊசியால் தொட்டு, இரண்டு புள்ளிக் கூட்டங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பொருத்திய பிறகு மிஞ்சும் இடைவெளிக்கு எஃப்.ஆர்.இ. என்று பெயர். எனக்கு 0.9 மி.மீ. வந்தது. வெப்கேமுக்கு இது போதாதா! லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஊசியை இறக்கினேன். கடல்பாசிக்குள் ரெண்டு மி.மீ. கூடப் போயிருக்காது, திரை 'இலக்கு எட்டியது' என்றது. மணியோ அடியில் கிடக்கிறது.

மூன்று நாள் போனது. கேமராவைச் சதுரங்கக் கட்டத் தாளால் மறுபடி அளவுதிருத்தம் செய்தேன், ஊசியைச் சுழற்றினேன், அட்டையை மாற்றினேன். ரெஜிஸ்ட்ரேஷனை மட்டும் சந்தேகப்படவே இல்லை, அதுதான் 0.9 ஆயிற்றே. கடைசியில் ஒரு சீனியர் அண்ணன்தான், "ஃபைலைத் திறந்து மேலே என்ன எழுதியிருக்குன்னு படிச்சியாடா?" என்றார். ஸ்லைசர் திரையில் எண்களை ஆர்.ஏ.எஸ். முறையில் காட்டும்: வலது, முன், மேல். ஃபைலில் சேமிக்கும்போது எல்.பி.எஸ்.: இடது, பின், மேல். மணிகளை ஃபைலிலிருந்து படித்தேன், இலக்கை மட்டும் திரையைப் பார்த்துக் கையால் அடித்தேன். முதல் இரண்டு எண்களின் குறியும் தலைகீழ். இலக்கு 12, -18. மெஷினில் மல்லாந்து படுப்பவருக்கு 'முன்' என்றால் கூரைப் பக்கம். அதனால் நடுவிலிருந்து 18 மி.மீ. கீழே இருக்க வேண்டியது, 18 மி.மீ. மேலே போய் நின்றது. பக்கவாட்டு விலகலும் சேர்த்து மொத்தம் 43 மி.மீ. பிசகு.

ஒரு குறி மட்டும் மாறியிருந்தால் அது கண்ணாடி பிம்பம் மாதிரி. மணிகள் பொருந்தாமல் எஃப்.ஆர்.இ. எகிறியிருக்கும். இரண்டும் மாறினால் அது வெறும் 180 டிகிரி திருப்பம். திருப்பினாலே மணிகள் அப்படியே பொருந்திவிடும், அதனால் கணக்குக்கு ஒரு புகாரும் இல்லை. நிஜ ஆபரேஷனில் கத்தி வைப்பதற்கு முன் மூக்கு, காது மாதிரித் தெரிந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று படித்தபோது சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன்.

குறியைச் சரிசெய்த பிறகும் ஊசி 6 மி.மீ. தள்ளிப் போனது. காரணம் என் சோம்பேறித்தனம். தொட வசதியாக ஆறு மணிகளையும் கேமரா பக்கமே நெருக்கி ஒட்டியிருந்தேன். மணிக்கூட்டத்தின் மையத்தில் பிழை குறைவு, விலக விலகக் கூடும். ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சகாக்களும் 1998-இலேயே இதற்குச் சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தேங்காய் வாங்கி, எட்டு மணிகளைச் சுற்றிலும் உயரம் மாற்றி மாற்றி ஒட்டி, மறுபடி அதே டெக்னீஷியன் அண்ணனிடம் போனேன். இந்த முறை எஃப்.ஆர்.இ. 1.4 மி.மீ.; முன்பைவிட மோசம். ஆனால் ஊசி இறங்கி கண்ணாடி மணியில் 'டக்' என்று தட்டியது. அப்போது நுனிக்கும் இலக்குக்கும் நடுவே திரை காட்டிய தூரம் 2.6 மி.மீ.

வைவாவில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். கைடு பார்த்துவிட்டு, "தேங்காய் சரிப்பா, அது அசையாது. மண்டையைத் திறந்ததும் மூளை அமுங்குமே, அதுக்கு என்ன வச்சிருக்க?" என்றார். அதை 'ஃபியூச்சர் வொர்க்' என்று கடைசிப் பக்கத்தில் எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.