23 கண்மாய்கள் தாலுகா மாறிய கதை

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க விம் எடிட்டரில் ஒரே ஒரு மேக்ரோவோடு மல்லுக்கட்டியே போய்விட்டது. மேக்ரோ என்றால், அழுத்தும் சாவிகளை ஒருமுறை பதிவுசெய்து மறுபடி மறுபடி தானாக ஓட்டுவது.

மதுரை மாவட்டக் கண்மாய்ப் பட்டியல். வரிக்கு ஒரு கண்மாய், ஊர், ஒரு சின்னக் குறிப்பு. வரிக் கடைசியில் தாலுகா பெயர் சேர்க்க வேண்டும். திருமங்கலத்துக்கு மட்டும் 40 வரி. முதல் வரியில் கையால் தட்டினேன். இரண்டாவதில் பதிவைத் தொடங்கி, விம்மில் வழக்கம்போல பெரிய ஏ (வரிக் கடைசியில் எழுத), காற்புள்ளி, ‘திரு’, கண்ட்ரோல் பி (பாதிச் சொல்லை விம்மே நிரப்ப), எஸ்கேப் (எழுதுவதை முடிக்க), ஜே (அடுத்த வரிக்கு இறங்க). மேல் வரியிலிருந்து ‘திருமங்கலம்’ சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. மிச்சம் 38 வரிக்கும் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் 17 வரி சரி. 18-லிருந்து கடைசிவரை அத்தனையும் திருப்பரங்குன்றம்!

முதலில் மற்ற ஃபைல்கள் மேல்தான் சந்தேகம். நிரப்பச் சொல் தேடும்போது விம் திறந்திருக்கும் எல்லா ஃபைலையும் துழாவும் அல்லவா? தேடலை இந்த ஃபைலுக்குள் மட்டும் சுருக்கி, மறுபடி ஓட்டினேன். அதே 23 வரி.

அப்புறம் மேக்ரோ பதிவாகியிருக்கும் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். ‘திரு’வுக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட பி (^P) ஒன்று, அதாவது கண்ட்ரோல் பி. ‘மங்கலம்’ எங்கேயும் இல்லை. மேக்ரோ நான் அழுத்திய சாவியைத்தான் வைத்திருக்கிறது, வந்த சொல்லை அல்ல. கண்ட்ரோல் பி பின்னோக்கித் தேடி, கிட்டத்தில் உள்ள ‘திரு’வை எடுத்துக்கொள்ளும். 18-வது வரிக் குறிப்பில் ‘திருப்பரங்குன்றம் ரோட்டிலிருந்து தெரியும்’ என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்த வரியில் அது ஒட்டிக்கொண்டது. அடுத்த வரிக்கு மேல் வரியின் கடைசிச் சொல்தான் கிட்டம். அப்படியே சளி மாதிரி கீழே வரை தொற்றிவிட்டது. கண்ட்ரோல் என் அழுத்தியிருந்தால் முன்னோக்கித் தேடி, பதிவின்போதே அந்தக் குறிப்பில் முட்டியிருக்கும். நானும் அப்போதே முழித்திருப்பேன்.

சரி, ரெஜிஸ்டரை ஒரு வெற்று வரியில் ஒட்டி, தொப்பி பியை அழித்து, ‘திருமங்கலம்’ என்று முழுசாக எழுதி, வரியை அப்படியே யாங்க் செய்து (நகலெடுத்து) ரெஜிஸ்டரில் திரும்ப ஏற்றினேன். இப்போது ஒன்றுவிட்டு ஒரு வரிக்குத்தான் தாலுகா விழுகிறது. வரியாக எடுத்தால் கடைசியில் புதுவரிக் குறியும் கூடவே வரும். அது இன்னொரு ஜே மாதிரி கீழே இறக்கிவிடும். வரி ஆரம்பத்தில் நின்று டாலர் வரை, அதாவது கடைசி எழுத்துவரை மட்டும் எடுத்த பிறகுதான் 40-ம் ஒழுங்காக விழுந்தது.

இதற்கு நடுவில் தமிழ்99 கீபோர்டு அமைப்பின் தொல்லை வேறு. எஸ்கேப் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற மறந்தால் ஜே சாவியில் ‘ப’ வரும், விம் திருதிருவென்று விழிக்கும், பதிவு பாழ். போன மாதம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய கீபோர்டில் கண்ட்ரோல் சாவியும் பாதி நேரம் ஒட்டிக்கொள்கிறது. ‘பழகப் பழக லூசாகிரும் சார்’ என்கிறார் கடைக்காரர்.

தாலுகா பெயருக்கெல்லாம் சுருக்கச் சொல் வைத்துவிடலாம் என்று யோசனை. ஆனால் அதற்குள் கை துறுதுறுத்து மேலூரை ஆரம்பித்துவிட்டேன். ‘மே’ தட்டி கண்ட்ரோல் பி. பட்டியலில் இருந்த மேலவளவு என்ற ஊர்ப் பெயர் வந்து நிற்கிறது.