கமகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

நாகர்கோவிலில் டிசம்பர் பிறந்தால் காது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் சுசீந்திரம் மார்கழித் திருவிழா நாகஸ்வரம், மறுபக்கம் தெருவில் கிறிஸ்துமஸ் கேரல் பவனி. என்னிடம் புல்லாங்குழல் படிக்கும் பிள்ளைகளில் பலர் தேவாலயப் பாடகர் குழுவிலும் இருக்கிறார்கள். வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை மூட்டை கட்டிவிட்டு, "சார், ஜாய் டு த வேர்ல்ட் சொல்லித் தாருங்கள்" என்று வந்து நிற்பார்கள்.

எனக்கும் அதில் கொண்டாட்டம்தான். அந்தப் பாட்டின் முதல் வரி சங்கராபரண ராகத்தின் அவரோகணமேதான், அதாவது இறங்கு வரிசை: ஸ நி த ப ம க ரி ஸ. ஒரு படிகூட விடாமல் இறங்குகிறது. ஸ நின்று, நி சற்று நீண்டு, த-வைத் தொட்டதும் தெரியாமல் ப-வில் போய் அமர வேண்டும். முதல் பாடமான சரளி வரிசையை முடித்த விரலுக்கு வழி தெரியும், நடைதான் புதிது.

திணறுவது நன்றாகப் படித்த பிள்ளைகள். சங்கராபரணம் என்றதும் விரல் தானாக ரி-யையும் நி-யையும் அசைத்துவிடும். இந்த அசைவுதான் கமகம். ராகம் வந்துவிடும், பாட்டு போய்விடும். கூடச் சேர்ந்து பாட வாயெடுத்த பாட்டி விழிப்பார். அசைக்காமல் வாசிப்பதை எளிது என்று நினைக்க வேண்டாம். கமகத்துக்குள் சின்னச் சுருதிப் பிசகு ஒளிந்துகொள்ளும். வெறும் ஸ்வரத்தில் மூச்சு நடுங்கினாலும் ஊருக்கே கேட்கும்.

"இதையெல்லாமா சொல்லிக் கொடுப்பது?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் காட்டுவது கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதரை. ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதியவர் அவர். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். 'ஸந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரச கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுஸ்வாமி வயலினையே நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இதற்குமேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

சைலன்ட் நைட் என்ற கிறிஸ்துமஸ் பாட்டை மட்டும் வீணைக்கு விட்டுவிடுவேன். 1818-இல் ஆஸ்திரியாவில் முதலில் பாடப்பட்டபோது அதற்குக் கிதார்தான் துணை. மீட்டும் வாத்தியம் அதற்குப் பொருந்துகிறது. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. நீளும் ஸ்வரம் தேய்வதற்குள் அடுத்த மீட்டு விழ வேண்டும். நாகஸ்வரம் தெருவோடு நிற்கட்டும். குடில் வைத்த சின்ன முன்னறையில் அதை ஊதினால் நட்சத்திர விளக்கே கழன்று விழும்.

வருடம் முழுக்கக் கேட்கப்படுவது ஹேப்பி பர்த்டே. மெட்டு 1893-இல் அச்சேறிய பழைய பள்ளிக்கூடப் பாட்டுடையது. குழந்தையின் பெயர் வரும் மூன்றாவது வரியில் கீழ் ஸ்தாயிப் ப-வான மந்திர பஞ்சமத்திலிருந்து அதற்கு மேல் ஸ்தாயிப் ப-வான மத்திய பஞ்சமத்துக்குத் தாவ வேண்டும். குழலில் இரண்டுக்கும் ஒரே விரல், முதல் ஆறு துளையும் மூடியபடி. உதட்டை இறுக்கி மூச்சைக் கூர்மையாக்கினால் மேல் பஞ்சமம் பிடிக்கும். கேக்கைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் பிள்ளைக்கு இங்கே காற்று மட்டும்தான் வரும்.

பவனிக்கு வருகிறவர்கள் கீபோர்டு அண்ணனிடம் சுருதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கட்டை என்பது சுருதியின் உயரம்: இரண்டு கட்டைக்கு ஒரு குழல், நான்கு கட்டைக்கு வேறு குழல். பாதி வழியில் அவர் ஒரு பொத்தானை அமுக்கிச் சுருதியை ஏற்றிவிட்டால், நாம் பையைத்தான் துழாவ வேண்டும்.