ஊட்டியில் நாம் பார்க்காமல் வரும் ஒன்று

ஊட்டிக்குப் போகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸோடு திரும்பிவிடுகிறோம். பக்கத்திலேயே முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி (விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பது) இருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டியது, 1970இல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தச் சரிவுதான். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. தேடிப் பிடித்த சரிவும் அதே 11 டிகிரி! அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். என்ன மூளை!

அப்புறம், ரேடியோ அலைகளை வெளியிடும் தொலைதூர விண்பொருட்களை நிலா மறைக்கும்போது சிக்னல் எப்படிக் குறைகிறது என்று பார்த்தே அவற்றின் அளவைக் கணித்தார்கள். சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களின் ஓட்டம் பற்றிய ஆய்வும் இங்கே நடக்கிறது.