முயல் கூண்டில் கோழி: உடுமலை நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்து வீதியில் முயல் வளர்த்தவர்கள் ஊர் மாறிப் போகிறார்கள். அவர்களுடைய மரக்கூண்டை 1,800 ரூபாய்க்குப் பேசி, குட்டியானையில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். 4 அடி நீளம், 2 அடி அகலம், உள்ளே 2 அடி உயரம். முன்னால் வலைக்கதவு, மூன்று பக்கம் பலகை, மேலே தகரம், அடியில் கம்பிவலை. புதிதாகச் செய்யச் சொன்னால் சட்டத்துக்கே இந்தக் காசு போதாது. எங்கள் நாலு நாட்டுக்கோழிகளும் பகலெல்லாம் கொல்லையில் மேய்பவை. ராத்தங்கலுக்கு இது தாராளம்.

ஜூன் 10, செவ்வாய்

கம்பியிலும் மூலைப் பலகையிலும் வெள்ளையாகக் காறை பிடித்திருக்கிறது. முயல் உடம்பில் மிஞ்சும் சுண்ணாம்புச்சத்து மூத்திரத்தோடு வெளியேறிப் படிவதுதான் இது. சோப்புத் தண்ணீருக்கு அசையவில்லை. கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றி, ஊறவிட்டுத் தேய்த்தால் செதில் செதிலாகப் பெயர்கிறது.

கழுவாமல் கோழியை விடவே கூடாது. முயலுக்கு வரும் ரத்தக்கழிச்சல் கோழிக்குத் தொற்றாது, அது வேறு கிருமி. ஆனால் முயலின் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் பாஸ்டுரெல்லா கோழிக்குக் காலரா கொடுக்கக்கூடியது. அதனால் நல்ல வெயிலில் காய வைத்து, அப்புறம் சுண்ணாம்பு அடிக்கிறேன். பலகை இடுக்கெல்லாம் அடைபட வேண்டும். செல் என்கிற, கோழி ரத்தம் உறிஞ்சும் பூச்சி பகலில் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

ஜூன் 14, சனி

இன்றைக்குத்தான் இது கோழி வீடானது. முயல் தரையில் படுக்கும். கோழி ஏறித்தான் படுக்கும். அமுச்சி (அம்மாவின் அம்மா) கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “கொம்பு கட்டாம உட்டா முட்டை போடற எடத்துலயே போய்ப் படுத்துக்கும் கண்ணு, முட்டையெல்லாம் பீயாப் போயிரும்” என்றார்.

ஒரு ஓரமாக 14 அங்குலம் தடுத்து முட்டைப்பெட்டி. மிச்சம் 34 அங்குலத்துக்குக் குறுக்கே, தரையிலிருந்து 10 அங்குல உயரத்தில், பட்டை உரித்துத் தேய்த்த பூவரசங்கொம்பு. கோழிக்கு 8 அங்குலம் என்று பார்த்தால் நாலுக்கும் இடம் இருக்கிறது. முட்டைப்பெட்டி கொம்பைவிடத் தாழ்வாக இருக்கிறது, அதுதான் முக்கியம். கொம்புக்கு அடியில் கம்பித்தரையை அப்படியே விட்டிருக்கிறேன். எச்சம் கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூளில் விழும், தென்னைக்கு எருவாகும்.

கதவிலிருந்த மெல்லிசு வலையைப் பிரித்து, அரை அங்குல வெல்டு மெஷ் அடித்தேன். மரநாயும் கீரியும் வரும் ஊர். தட்டினால் திறக்கும் கொக்கி போய், இப்போது கொண்டியும் பூட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ஆனி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இனி ஆடி முடியும்வரை ஓயாது. அதனால் கூண்டின் முதுகு மேற்கே, வலைக்கதவு கிழக்கே. நாலு காலும் செங்கல்மேல், கம்பியால் வேலிக்கல்லோடு கட்டியாயிற்று. பின்பலகையின் உச்சியில் ஒரு விரல்கடை இடைவெளியை மட்டும் அடைக்கவில்லை. எச்சத்து நெடி வெளியேற வழி வேண்டும்.

ஜூன் 21, சனி

மூன்று கோழிகள் பொழுது சாய்ந்ததும் தானாகவே ஏறுகின்றன. கருப்பிக்கு மட்டும் இன்னும் முருங்கைமரம்தான். இருட்டினால் அதற்குக் கண் தெரியாது, கையில் எடுத்துக் கொம்பில் வைத்தால் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. பழகும்வரை தினமும் இப்படித்தான்.

ஜூலை 6, ஞாயிறு

கருப்பி நேற்று தானே ஏறியது. முட்டைப்பெட்டியில் வைக்கோல் கலையாமல் முட்டை கிடக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வந்தபின் மருந்தில்லை என்பதால் நாலுக்கும் இறக்கைக்கடியில் தடுப்பூசி போட்டாயிற்று.

வெள்ளச்சி அடைக்கு உட்காரப் பார்க்கிறது. 21 நாள் அது பெட்டியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எங்கே முட்டையிடும்? அதனால் அடை வெளியே, கோழி மூடும் கொடாப்புக் கூடையில்தான். எங்களிடம் சேவல் இல்லை. கரு முட்டைக்கு அமுச்சி பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறார். கூடையில் மணல் பரப்பி, அடை வைக்கும்போது முட்டையோடு போடும் வழக்கப்படி இரும்புத்துண்டும் கரியும் வரமிளகாயும்கூட எடுத்து வைத்துவிட்டார்.