சான் மார்க்கோ மடத்தில் புனித தோமினிக்

புளோரன்ஸ் பேராலயத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடைதான். கோயிலை ஒட்டியே பழைய மடத்தின் வாசல். மடம் இப்போது அருங்காட்சியகம் என்பதால் சீட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குள் மூடிவிடுவார்கள். விடுமுறைக் கிழமையும் மாறும். முந்தைய நாளே விசாரித்துக்கொண்டு காலையில் போவது நல்லது.

புளோரன்ஸின் செல்வந்தர் கொசிமோ தெ மெதிச்சியின் பொருளுதவியில் கட்டடக் கலைஞர் மிக்கெலோட்சோ கட்டிய மடம் இது. சுவரோவியங்களைத் தீட்டியவர் சாமிநாதர் சபைத் துறவி ஃப்ரா ஆஞ்சலிக்கோ, உதவியாளர்களோடு. 1982-இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக, அதாவது புனிதர் நிலைக்கு முந்தைய படியில், ஏற்றது.

கீழ்த்தளத்தில் முதலில் உள்முற்றத்துச் சுவரைப் பாருங்கள். சபையை நிறுவிய தோமினிக் (தமிழில் சாமிநாதர் என்பவர் இவரே) மண்டியிட்டு, சிலுவை மரத்தைக் கட்டிப்பிடித்து, ஆண்டவர் முகத்தையே அண்ணாந்து பார்க்கிறார். மரத்தில் இரத்தம் வழிகிறது. பக்கத்துக் கூட்ட அறையில் பெரிய சிலுவைக் காட்சி. அங்கே வானம் சிவந்து கிடப்பதைக் கண்டதும் துயரத்துக்காக இட்ட நிறம் என்றே தோன்றும். அப்படியல்ல. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் இட்ட நிறம் பூச்சோடு இறுகிவிடும். வானத்துக்கான அசுரைட் என்னும் கனிம நீலத்தைப் பூச்சு காய்ந்தபின் பசை கலந்து மேலே ஏற்றுவார்கள். அது உதிர்ந்துபோய் அடிநிறம் வெளியே தெரிகிறது.

மாடிப்படி முடியும் இடத்தில், வானதூதர் மரியாவுக்கு இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் மங்கள வார்த்தை ஓவியம். இந்த அன்னையைக் கடந்து போகும்போது ‘அருள் நிறை மரியே’ சொல்லத் தவறாதே என்று அடியில் லத்தீனில் எழுதியிருக்கிறது. சொல்லிவிட்டே நகருங்கள்.

மாடியில் துறவியர் தங்கிய அறைகளில் பெரும்பாலும் ஓவியம் சன்னலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முதலில் கண் கூசும். சற்று நின்றால் நிறங்கள் தெளியும். 7-ஆம் அறையில் கண்கட்டிய இயேசுவைச் சுற்றி உடலில்லாத கைகள் அடிக்கின்றன, ஒரு முகம் துப்புகிறது. கீழே தோமினிக் மோவாயில் கை வைத்து, தலை குனிந்து, மடியிலுள்ள நூலை வாசிக்கிறார். மேலே நடப்பதை அவர் பார்க்கவே இல்லை. திருப்பாடுகளை மனத்துக்குள் தியானிக்கும் முறையையே இந்த ஓவியம் கற்றுத் தருகிறது.

15-ஆம் அறையிலிருந்து நவதுறவியர், அதாவது பயிற்சித் துறவியர், அறைகள். சுவருக்குச் சுவர் அதே சிலுவை, அதே தோமினிக். மாறுவது அவர் செபிக்கும் நிலை மட்டும். ஓரிடத்தில் கைகளை விரிக்கிறார், இன்னோரிடத்தில் தம்மையே சாட்டையால் அடித்துக்கொள்கிறார். அவர் செபித்த ஒன்பது முறைகளைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டுச் சிறுநூல் ஒன்று சபையில் உண்டு. புதிதாகச் சேர்ந்த இளைஞர் உடலால் செபிக்கப் பழகியது இந்தச் சுவர்களைப் பார்த்துத்தான். இங்கே உதவியாளர் கை அதிகம், நேர்த்தி சற்றுக் குறைவு. ஆனாலும் பக்தியோடு வருபவர் அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இந்த வரிசைக்கே. நேரம் போதாவிட்டால் 38, 39-இல் உள்ள கொசிமோவின் அறைகளை விட்டுவிடலாம்.