புகையிலை ஒடிப்பு இயந்திரம்: வயல் நாட்குறிப்பு

ஜூலை 8, வட கரோலினா

வரிசைக்கு வரிசை 48 அங்குலம், செடிக்குச் செடி 22 அங்குலம். ஏக்கருக்கு ஏறத்தாழ 6,000 செடி. இலை ஒடிக்கும் வண்டி மணிக்கு 4 கிலோமீட்டரில் போனால் அரை வினாடிக்கு ஒரு செடி வந்துவிடும். அடி இலைகளை மட்டும் ஒடிக்க வேண்டும், மேல் இலைகளைத் தொடக்கூடாது. அடுத்த ஒடிப்புக்கு அதே செடி நிமிர்ந்து நிற்கவும் வேண்டும்.

ஜூலை 9

இந்த ரகத்தில் தனிக் காம்பு கிடையாது. நடுநரம்பே அகன்று தண்டோடு ஒட்டியிருக்கும். இலையை ஒடிக்கத் தேவையான விசையை அளக்கும் முறை: இலைக்கு மேலும் கீழும் தண்டை மரக்கட்டைகளால் கவ்வி, தண்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி நடுநரம்பில் வார் மாட்டி, உச்ச அளவைப் பிடித்து வைக்கும் இழுவைத் தராசால் நேர் கீழாக இழுக்க வேண்டும். வார் 2 செ.மீ. அகலத் தோலாக இருக்கட்டும். கம்பி மாட்டினால் அது நரம்பை அறுத்து, இலை அந்த இடத்திலேயே முறியும். அந்த அளவு குப்பைக்குத்தான்.

விசையை மட்டும் குறித்தால் வடிவமைப்புக்கு உதவாது, தூரமும் வேண்டும். 5 செ.மீ. தள்ளி 40 நியூட்டன் என்றால் நரம்பு தண்டோடு சேரும் அடியில் விழும் திருப்பம் (விசை × தூரம்) 2 நியூட்டன்-மீட்டர். 10 செ.மீ. தள்ளினால் அதற்கு 20 நியூட்டன் போதும். ஆனால் அங்கே நரம்பு மெலிந்திருக்கும். அடியில் ஒடியாமல் நடுவில் முறிந்து, மிச்சம் செடியிலேயே தொங்கும். அதனால் இயந்திரத்தின் அடி விழும் இடம் தண்டுக்கு அருகில்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 10

திசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நரம்பின் நீளத்துக்கு இழுத்தால் இலை வருவதற்குள் செடியே சாய்கிறது. கீழ்நோக்கி வளைத்தால் மேல்பக்கம் இழுபட்டு, இலை தண்டோடு சேரும் கக்கத்தில் விரிசல் விட்டுச் சட்டென்று ஒடிகிறது. மெதுவாக வளைத்தால் விரிசல் முடிவதில்லை. தண்டின் பட்டை நாராக உரிந்து இலையோடு வருகிறது. வெடுக்கென்ற அடிதான் சுத்தமாக ஒடிக்கும்.

ஜூலை 15

விடியலில் இலை நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், நரம்பு மொறுமொறுவென்று முறியும். பிற்பகலில் துவண்டு, அடி விழுந்தால் வளைந்து கொடுத்துவிடும். அளவுத்தாளில் நேரம், கீழிருந்து எத்தனையாவது இலை, பழுப்பு (இலை எவ்வளவு பழுத்தது) மூன்றும் இல்லாவிட்டால் எண்களை ஒப்பிடவே முடியாது. பழுத்த இலை இலேசாக ஒடியும், பச்சை இலை அடம்பிடிக்கும். இயந்திரத்துக்குப் பழுப்பு தெரியாது, உயரம்தான் தெரியும். எல்லாச் செடியும் ஒரே சீராகப் பழுக்காத வயலில் எந்த இயந்திரமும் நன்றாக ஓடாது.

பனி ஈரத்தோடு இலையைத் தொடுபவர்கள் கையுறை போடுங்கள். நிகோடின் தோல் வழியே ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வரும்.

ஜூலை 23

இலையை அடித்து ஒடிப்பவை வரிசையின் இருபுறமும் எதிரெதிராகச் சுழலும் ரப்பர் சுருள்கள். நீளம் 1 மீட்டர், நிமிடத்துக்கு 300 சுற்று. ஒரு செடி சுருளைக் கடக்க 0.9 வினாடி, அதற்குள் 4.5 சுற்று. வேகத்தைக் கூட்டினால் ஒடிவது நிச்சயம், ஆனால் இலைப்பரப்பும் நசுங்கும். நசுங்கிய திசுவிலிருந்து நொதி கசிந்து, பதப்படுத்தும்போது இலையை மஞ்சளாக்கும் கட்டத்தில் அந்த இடம் கருத்துப்போகும். விலை அங்கேயே விழும். இலைப்பிசின் ரப்பரில் கறுப்பாகப் படிந்து கெட்டியாகும். படிந்ததும் சுருள் வழுக்காமல் இலையைப் பிடித்து இழுக்கும், பட்டை உரிவது திரும்பவும் தொடங்கும். மதிய இடைவேளையில் கழுவியே ஆக வேண்டும்.

ஆகஸ்ட் 4

மழைக்குப் பின் ஓட்டவில்லை. ஊறிய மண்ணில் செடி வேரோடு சாய்கிறது. மண் அணைப்பு தாழ்ந்த வரிசைகளில் இது இன்னும் மோசம். சிம்பு (இலைக் கக்கத்தில் கிளைக்கும் பக்கக் கொழுந்து) ஒடிக்காத செடிகளில் சுருள் சிம்பையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. அதை இலையை ஏற்றிச் செல்லும் ஓடுபட்டையில் ஆள் நிறுத்திப் பொறுக்குவதைவிட, பூக்கொழுந்து கிள்ளும்போதே சிம்பை அடக்குவது மேல்.