எதை விட்டுவிடலாம்?

"இதில் எது கட்டாயம், எதை விட்டுவிடலாம்?" மருந்துச் சீட்டை நீட்டி ஒரு பெரியவர் கேட்டதை நேற்றுப் பக்கத்தில் நின்று கேட்டேன். இன்னும் மனம் ஆறவில்லை.

சிகிச்சை எல்லோருக்கும் பொது என்று பேசினால், 'நடைமுறைக்கு ஒத்துவராது' என்கிறார்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில்கூட மருத்துவர்கள் பெருவாரியாக அதற்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். நிபுணர்கள் தனியாகவும் தொழில் செய்யலாம் என்று இறங்கிவந்துதான் அமைச்சர் அனைரின் பெவன் காரியத்தை முடித்தார். அந்தச் சமரசம் எனக்கு உறுத்தல்தான். ஆனால் 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் பதவியையே துறந்தவரும் அவரே.

பெரியவர் இரண்டு நாள் மாத்திரை மட்டும் வாங்கிப் போனார். சீட்டில் ஐந்து நாள் என்றிருந்தது.